கடலோரத்தில் இருப்பவர்கள் எந்த இ-ரீடர் (மின்னூல் படிக்கும் கருவி) வைத்திருக்கிறீர்கள்? தமிழ் படிக்க எது தோதுப்படும்?

கேள்வி: மண்டபத்துக்காரி

எல்லாருக்கும் வணக்கம். எனக்கு ஊர் மண்டபம். ராமநாதபுரத்தில் ஒரு ஜவுளிக் கடையில் கணக்கு எழுதுகிறேன். காலையில் கிளம்பினால் இருட்டிய பிறகுதான் வீடு. ரயில் கிடைத்தால் ரயில், தவறினால் பஸ். போக வர இரண்டு மணி நேரத்துக்குக் குறையாது. அந்த நேரம் முழுக்கப் படிப்புதான். இரண்டு வருஷமாக மொபைலிலேயே படித்ததில், இப்போதெல்லாம் உச்சிப்புளி தாண்டுவதற்குள் கண் கரிக்க ஆரம்பித்துவிடுகிறது. நல்ல இடத்தில் யாராவது கூப்பிட்டுவிடுவார்கள், அப்புறம் விட்ட இடத்தைப் பிடிக்க முடியாது.

அச்சுப் புத்தகம் வாங்காமல் இல்லை. வீட்டில் ஒரு அலமாரி நிறைய இருக்கிறது. ஆனால் எங்கள் வீட்டுக்கும் கடலுக்கும் நடுவில் நாலு பனைமரம்தான். ஐப்பசி, கார்த்திகையில் புத்தகங்கள் அப்பளம் நமுத்த மாதிரி ஆகிவிடுகின்றன. போன வருஷம் இராமபாணப் பூச்சி அரித்ததில் பதினோரு புத்தகம் போயிற்று. அதில் மூன்று இனி அச்சில் கிடைக்காதவை. எடுத்து வெயிலில் காயப்போட்டபோது அழுகையே வந்துவிட்டது.

அப்பாவுக்காகவும் கேட்கிறேன். முப்பது வருஷம் கடலுக்குப் போனவர். கண்புரை அறுவை முடிந்து வீட்டில் இருக்கிறார். பேப்பரில் தலைப்பு மட்டும் படிக்கிறார், உள்ளே இருக்கும் பொடி எழுத்து அவருக்கு ஆகவில்லை.

என் சந்தேகங்கள் இவைதான். முதலாவது, உப்புக் காற்று. எங்கள் ஊரில் ஃபேன் இறக்கை துருப்பிடிக்கும், பீரோ பூட்டு பிடித்துக்கொள்ளும், டிவிக்குள் போர்டு பச்சை பூத்துவிடும். இவ்வளவு விலை கொடுத்து வாங்குகிற கருவி எத்தனை வருஷம் தாங்கும்? இரண்டாவது, தமிழ் எழுத்து. கடையில் ஒரு அக்காவின் பழைய கருவியில் கொம்பும் காலும் தனித்தனியாக நின்றன, ஒரு வரி படிக்க முடியவில்லை. மூன்றாவது, தமிழில் புத்தகம் போதுமான அளவு கிடைக்குமா?

கடைசியாக ஒன்று. புத்தகத்தை நெஞ்சில் கவிழ்த்து வைத்துக்கொண்டு தூங்குகிற ஆள் நான். இந்தப் பலகையோடு அப்படி ஒரு ஒட்டுதல் வருமா? வாங்கி ஒரு வருஷத்துக்கு மேல் ஆனவர்கள் சொன்னால் நல்லது.

பதில்: பாம்பன் இரவுப்பணி

தங்கச்சி, எனக்கு பாம்பன். ஐஸ் கம்பெனியில் இரவு வேலை. ஏழு வருஷமாக இ-ரீடரில்தான் படிக்கிறேன். கையில் இருப்பது இரண்டாவது கருவி. முதலாவது எப்படிப் போயிற்று என்பதைச் சொன்னாலே உங்கள் முதல் சந்தேகம் தீரும்.

ஐஸ் கம்பெனிக்குள் வந்து பார்த்திருக்கிறீர்களோ என்னவோ. தரை முழுக்க மரப்பலகை, பலகைக்கு அடியில் உப்புக் கரைசல் தொட்டி, அதற்குள் வரிசையாகத் தண்ணீர் ஊற்றிய தகர டப்பாக்கள். ஒரு வரிசையைத் தூக்கி, கழற்றி, மறுபடி தண்ணீர் நிரப்பி இறக்கிவிட்டால் அடுத்த வரிசை வரை நமக்கு நேரம். அந்த நேரத்தில்தான் என் படிப்பெல்லாம். கையைச் சட்டையில் துடைத்துவிட்டுக் கருவியை எடுப்பேன். சார்ஜ் குறைந்தால் அங்கேயே சுவரில் இருக்கிற பிளக்கில் செருகிவிடுவேன். அங்கே சுவரும் ஈரம், பிளக்கும் ஈரம், அந்த ஈரத்தில் உப்பும் உண்டு. இரண்டு வாடைக்காலம் அப்படி ஓடியது. மூன்றாவது வருஷம் சார்ஜர் முனையைக் கொஞ்சம் சாய்த்துப் பிடித்தால்தான் ஏறும் என்ற நிலை. அப்புறம் சாய்த்தாலும் ஏறவில்லை. மொபைல் பழுது பார்க்கும் தம்பி பூதக்கண்ணாடியில் காட்டினான்: சார்ஜ் போகும் வாய்க்குள் செம்புப் பாத்திரத்தில் பிடிக்குமே, அதே பச்சைக் களிம்பு. திரையில் ஒரு கீறல் கிடையாது. பட்டன் நன்றாக வேலை செய்தது. அந்த வாய் ஒன்றுதான் அரித்திருந்தது.

ஆக, நம் கரையில் இ-ரீடருக்கு வருகிற சாவு அந்த வாய் வழியாகத்தான் வருகிறது. அதனால் இப்போது இருப்பதை வீட்டில், உள் அறையில், நன்றாகக் காய்ந்த பிறகுதான் செருகுகிறேன். அதுவும் மூன்று வாரத்துக்கு ஒரு தடவை போதும். எந்நேரமும் வைஃபையை அணைத்தே வைத்திருப்பேன், புத்தகம் இறக்கும்போது மட்டும் போடுவேன்.

மூன்று வாரம் எப்படி வருகிறது என்று தோன்றும். இதன் திரை மொபைல் திரை மாதிரி இல்லை. இ-இங்க் என்பார்கள். அமெரிக்காவில் எம்ஐடியில் நடந்த ஆய்விலிருந்து 1997-ல் கிளம்பிய கம்பெனியின் பெயரும் அதுதான். தலைமுடியின் தடிமன் உள்ள பொடிக் குமிழ்கள் லட்சக்கணக்கில் திரைக்குள் இருக்கும். ஒவ்வொன்றுக்குள்ளும் வெள்ளைத் துகளும் கருப்புத் துகளும் திரவத்தில் மிதக்கும். இரண்டுக்கும் மின்னேற்றம் எதிரெதிர். மின்சாரம் ஒரு தள்ளு தள்ளினால் வெள்ளை மேலே வரும், மாற்றித் தள்ளினால் கருப்பு மேலே வரும். வந்தது வந்தபடி நிற்கும். பக்கத்தைத் திருப்பும்போதுதான் மின்சாரம் செலவு, பக்கம் சும்மா நிற்பதற்குச் செலவே இல்லை. வேண்டுமானால் என் வீட்டுக்கு வந்து பாருங்கள். செத்துப்போன முதல் கருவியைத் தூக்கிப் போட மனமில்லாமல் தகரப் பெட்டியில் வைத்திருக்கிறேன். பேட்டரி காலி என்று கடைசியாகக் காட்டிய படம் இன்றைக்கும் அதன் திரையில் இருக்கிறது. உள்ளே ஒரு சொட்டு மின்சாரம் கிடையாது.

எது வாங்கலாம் என்று கேட்டால், உங்கள் வீடு கடலோரம் என்பதால் தண்ணீர் தாங்கும் மாடலுக்குப் போங்கள் என்பேன். அமேசானின் இ-ரீடரான கிண்டிலில் சாதாரண மாடலுக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது, அதற்கு அடுத்த மாடலான பேப்பர்வைட்டுக்கு உண்டு. அதில் போட்டிருக்கும் ஐபிஎக்ஸ்8 என்ற தண்ணீர் தாங்கும் தரக்குறிக்கு அவர்கள் சொல்கிற கணக்கு இது: நல்ல தண்ணீரில் 2 மீட்டர் ஆழத்தில் 60 நிமிடம் தாங்கும், கடல் தண்ணீர் என்றால் கால் மீட்டர் ஆழத்தில் 3 நிமிடம்தான். அறுபது எங்கே, மூன்று எங்கே. உப்பு என்ன செய்யும் என்று நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கடல் தண்ணீர் பட்டுவிட்டால் உடனே நல்ல தண்ணீரில் அலசி, துடைத்து, ஒரு நாள் முழுக்க நிழலில் காயவிட்டுத்தான் சார்ஜரில் போட வேண்டும்.

இன்னொரு வித்தியாசம் மணல். சாதாரண மாடலில் திரை விளிம்புக்குள் கொஞ்சம் பள்ளமாக உட்கார்ந்திருக்கும். கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் அந்த மூலைகளில் மணல் போய்ச் சேர்ந்துகொள்ளும். பேப்பர்வைட்டில் திரையும் விளிம்பும் ஒரே மட்டம், விரலால் வழித்துவிடலாம். துடைக்கும்போது மட்டும் கவனம். காய்ந்த துணியால் அழுத்தித் துடைத்தால் திரையில் படிந்திருக்கும் உப்பும் மணலும் சேர்ந்து கீறிவிடும். முதலில் நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணி, அப்புறம் காய்ந்த துணி. கண்ணாடி போடுகிறவர்களுக்கு இந்தப் பழக்கம் ஏற்கனவே இருக்கும்.

தண்ணீர் தாங்குகிறதே என்று ஈரக்கையோடு படிக்க முடியும் என்று நினைக்காதீர்கள். ஒரு சொட்டு தண்ணீர் திரையில் விழுந்தால் அதை விரல் என்று நினைத்துப் பக்கம் தானாக ஓடும். ஒருநாள் டப்பா தூக்குகிற இடத்திலிருந்து நாலு சொட்டு தெறித்ததில் பதினாறு பக்கம் முன்னால் போய்விட்டது. கதையில் யார் செத்தார் என்பது தெரிந்துவிட்டது எனக்கு.

பழைய கருவியைக் கைமாற்றில் வாங்குவதாக இருந்தால் ஒன்றைப் பார்த்துக்கொள்ளுங்கள். 2019-ல் வந்த சாதாரண கிண்டிலின் திரையில் அங்குலத்துக்கு 167 புள்ளிதான். 2022-ல் வந்ததில் 300. ஆங்கிலம் படிக்கிறவர்களுக்கு இது பெரிய வித்தியாசமாகத் தெரியாமல் போகலாம். நமக்கு அப்படி இல்லை. ண, ன, ணை, னை என்று சுழி எண்ணிப் படிக்கிற மொழி. மெய்யெழுத்தின் தலையில் இருக்கும் புள்ளி மங்கினால் சொல்லே மாறிவிடும். 300-க்குக் கீழே தமிழுக்காக வாங்காதீர்கள்.

ஒட்டுதல் வருமா என்று கேட்டீர்களே, அதற்கு வருகிறேன். இரவு வேலை முடிந்து வந்து தூங்கி, பகல் ஒரு மணிக்கு எழுந்து சாப்பிட்டுவிட்டுக் குந்துகால் கடற்கரைப் பக்கம் போவேன். அந்த வெயில் உங்களுக்குத் தெரியும். வெள்ளை மணல், எதிரே தென்கடல், கண்ணைத் திறக்க முடியாத வெளிச்சம். மொபைலை எடுத்தால் அதில் என் முகம்தான் தெரியும். இதை எடுத்தால் வெயில் ஏற ஏற எழுத்து இன்னும் கருப்பாகிறது. காகிதம் மாதிரியே, மேலே விழுகிற வெளிச்சத்தில்தான் இது தெரிகிறது. இன்னொன்று, கச்சான் காற்றில் அச்சுப் புத்தகம் படிப்பது இரண்டு கட்டைவிரலுக்கும் வேலை. பக்கம் படபடக்கும், ஒரு பக்கத்தை அமுக்கினால் மறுபக்கம் எழும். இதைப் பனைமரத்தில் சாய்ந்துகொண்டு ஒரு கையில் பிடித்து, மறு கையில் டீ கிளாஸை வைத்துக்கொண்டு படித்தேன் முதல் நாள். இருநூறு கிராம் சுமார் எடை. அன்றைக்கு மாலை நாலரை வரை எழுந்திருக்கவில்லை. கடலும் படிப்பும் ஒன்றாகக் கிடைக்கும் என்று அதற்கு முன்னால் நான் நினைத்ததே இல்லை.

நெஞ்சில் கவிழ்த்து வைத்தும் தூங்கியிருக்கிறேன். எழுந்து பார்த்தால் விட்ட பக்கம் அப்படியே நிற்கும்.

பதில்: கீழக்கரை லாத்தா

பாம்பன் காக்கா சொன்னது எல்லாம் சரி. எழுத்து விஷயம் நான் சொல்கிறேன், ஏனென்றால் அதில்தான் நான் ஒரு மாதம் அலைந்தேன்.

எங்கள் உம்மாவுக்குக் கண் மங்கிய பிறகு, வெளிநாட்டில் இருக்கும் என் தம்பி ஒரு இ-ரீடர் வாங்கி அனுப்பினான். ஆசையாகத் தமிழ்ப் புத்தகம் ஏற்றினால் மண்டபத்துத் தங்கச்சி சொன்ன அதே கோலம். ‘கெ’ என்றால் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நின்றது, அதைச் சுற்றிப் புள்ளிவட்டம் வேறு. புத்தகம்தான் கெட்டுவிட்டது என்று நினைத்து வேறு வேறு கோப்பாக மாற்றிப் பார்த்தேன். காரணம் புத்தகத்தில் இல்லை. கணினியில் எழுத்தைப் பதிகிற பொது முறையான யூனிகோடில் ‘கெ’ என்று தட்டினால் கோப்புக்குள் முதலில் க, அடுத்து கொம்பு என்றுதான் பதிவாகிறது. கொம்பை முன்னால் கொண்டுவந்து நிறுத்துவது கருவியில் இருக்கிற நிரலின் வேலை. அந்த வேலை தெரியாத நிரல் இருந்தால் எவ்வளவு நல்ல புத்தகம் ஏற்றினாலும் இப்படித்தான் வரும். கோரீடர் என்று இலவச நிரல் ஒன்று உண்டு. அதை அந்தக் கருவியில் போட்டு, கூடவே நோட்டோ செரிஃப் தமிழ் எழுத்துருவையும் ஏற்றிய பிறகு கொம்பு தன் இடத்துக்கு வந்தது. உம்மா அன்றைக்கு ராத்திரி பத்து மணி வரை படித்தார்கள்.

ஆனால் உங்களுக்கு அந்தச் சிரமம் வேண்டாம். கிண்டிலில் 2016 டிசம்பரிலிருந்தே தமிழ் இருக்கிறது, எழுத்து உடையாது. அதிலும் உங்களுக்குப் பிடித்த எழுத்துருவைச் சேர்க்கலாம். கணினியில் செருகினால் ஃபாண்ட்ஸ் என்று ஒரு கோப்புறை தெரியும், அதற்குள் எழுத்துருக் கோப்பைப் போட்டால் போதும். நான் இரண்டு மூன்று போட்டு, ஒரே பக்கத்தை மாற்றி மாற்றிக் காட்டி உம்மாவிடமே கேட்டேன். மெல்லிய கோடு உள்ளதை வேண்டாம் என்றார்கள். எழுத்தைத் தடிமனாக்க ஒரு அளவு அமைப்பில் இருக்கிறது. எழுத்தை மிகப் பெரிதாக்குவதைவிட, ஓரளவு பெரிதாக்கித் தடிமனைக் கூட்டினால் முதியவர்களுக்கு வசதி. உங்கள் அப்பாவுக்கும் முதலில் அதைச் செய்து பாருங்கள்.

எழுத்தை ரொம்பப் பெரிதாக்கினால் ஒரு தொல்லை வரும். தமிழ்ச் சொல் நீளம். ‘சொல்லிக்கொண்டிருந்தார்களாம்’ என்று ஒரு சொல் வந்தால் வரி முழுக்க அதற்கே போய்விடும். முந்தைய வரியில் இரண்டே சொல்லை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் இழுத்துக் கட்டி, நடுவில் ஒரு தெருவே போகிற அளவு இடைவெளி விடும். உம்மாவுக்கு அந்த இடைவெளியில் கண் தடுமாறியது, வரி முடிந்துவிட்டது என்று அடுத்த வரிக்குப் போய்விடுவார்கள். இரண்டு பக்கமும் சமமாக நிற்கிற ஒழுங்கை எடுத்துவிட்டு இடப்பக்கம் மட்டும் ஒழுங்கு என்று வையுங்கள். ஓர இடத்தையும் குறையுங்கள். எல்லாப் புத்தகத்திலும் இந்த ஒழுங்கை மாற்ற விடாது, பெரும்பாலானவற்றில் விடும்.

உறை நல்லதாக வாங்குங்கள். திரைக்கு அடியில் இருப்பது மெல்லிய கண்ணாடி. பையில் டிபன் பாக்ஸோடு போட்டு, மேலே ஒருவர் சாய்ந்தால் வெளியே ஒரு கோடு இல்லாமல் உள்ளே விரிசல் விடும். என் மகளின் கருவி பள்ளிக்கூடப் பையில் அப்படித்தான் போயிற்று. பாதித் திரையில் எழுத்து, மீதிப் பாதியில் கறுப்புப் பட்டை. அதைச் சரிசெய்ய முடியாது.

பதில்: தொண்டிப் படிப்பாளி

புத்தகம் எங்கே கிடைக்கும் என்பதற்கு மட்டும் சொல்கிறேன்.

காசு கொடுத்து வாங்க அமேசானில் தமிழ் மின்னூல் ஏராளம். இன்றைய எழுத்தாளர்கள் பலர் தாங்களே நேரடியாக ஏற்றுகிறார்கள். வாங்குவதற்கு முன் மாதிரிப் பக்கத்தைக் கட்டாயம் இறக்கிப் பாருங்கள். சிலர் அச்சுக்கோப்பை அப்படியே மாற்றி ஏற்றியிருப்பார்கள், பத்தி பிரியாது, மெய்ப்புப் பார்த்திருக்க மாட்டார்கள்.

இலவசத்துக்கு முதலில் மதுரைத் திட்டம். 1998 பொங்கலன்று தொடங்கியது, முழுக்கத் தன்னார்வலர்கள் தட்டச்சு செய்து தந்தது. சங்க இலக்கியத்திலிருந்து போன நூற்றாண்டு நாவல் வரை இருக்கிறது. இன்னொன்று ஃப்ரீதமிழ்இபுக்ஸ். அங்கே இபப் (திரைக்கு ஏற்ப எழுத்து ஓடி அமையும் மின்னூல்) கோப்பும் உண்டு, ஆறு அங்குலத் திரைக்கென்றே அளவு வைத்துச் செய்த பிடிஎஃப்பும் உண்டு. இபப்பை எடுங்கள், எழுத்தை அப்பாவுக்கு ஏற்றபடி பெரிதாக்கலாம். 2022 முதல் கிண்டிலுக்கு இபப்பை மின்னஞ்சலிலேயே அனுப்பலாம், மாற்றுகிற வேலை இல்லை.

மூன்றாவது தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம். நாட்டுடைமை ஆக்கப்பட்ட நூல்களும், வேறெங்கும் பார்க்க முடியாத பழைய பதிப்புகளும் அங்கே இருக்கின்றன. உங்கள் அலமாரியில் போன அந்த மூன்று புத்தகத்தையும் அங்கே தேடிப் பாருங்கள், எனக்கு அப்படி ஒன்று கிடைத்தது. ஆனால் அவை பக்கத்தைப் படம் பிடித்த பிடிஎஃப். ஆறேழு அங்குலத் திரையில் எறும்பு ஊர்கிற மாதிரி இருக்கும். எழுத்தைப் பெரிதாக்க முடியாது, பக்கத்தைத்தான் பெரிதாக்கி இழுத்து இழுத்துப் படிக்க வேண்டும். கருவியைப் படுக்கை வாட்டத்தில் திருப்பினால் அரைப் பக்கம் ஓரளவு தெரியும். கணினி வைத்திருந்தால் கே2பிடிஎஃப்ஆப்ட் என்ற இலவச நிரல் ஓரத்து வெள்ளையை வெட்டித் தரும், அதற்குப் பிறகு எனக்குப் படிக்க முடிந்தது. நிறைய ஸ்கேன் நூல் படிப்பவர் என்றால் அதற்குப் பெரிய திரை டேப்லெட்தான், இ-ரீடரைக் குறை சொல்லிப் பயனில்லை.

அமேசானில் வாங்குகிற புத்தகம் உங்கள் அமேசான் கணக்கோடு கட்டுப்பட்டது. 2025 பிப்ரவரி 26 முதல் அதைக் கணினியில் இறக்கி வைத்துக்கொள்ளும் வசதியையும் எடுத்துவிட்டார்கள். அச்சுப் புத்தகம் மாதிரி பக்கத்து வீட்டுக்குக் கொடுக்க முடியாது. இதில் எனக்கு உண்மையாகவே வருத்தம் உண்டு. நான் படித்த பாதிப் புத்தகம் யாரோ கொடுத்துப் படித்தவை. அதனால் மிகப் பிடித்ததை அச்சிலும் ஒரு பிரதி வாங்கிவிடுகிறேன், கொடுப்பதற்காகவே.

கேட்டவர்: மண்டபத்துக்காரி

இரண்டு மாதம் கழித்து எழுதுகிறேன். மூன்று பேருக்கும் நன்றி. பாம்பன் அண்ணன் சொன்னபடி பேப்பர்வைட் வாங்கினேன். லாத்தா சொன்னபடி கெட்டி உறையும் வாங்கினேன்.

உப்பு விஷயத்தில் ஒரு பழக்கம் செய்துகொண்டேன். ஞாயிற்றுக்கிழமை தலைக்குக் குளித்ததும் ஈரத்துணி, காய்ந்த துணி. மாத்திரை டப்பாவில் வரும் ஈரம் உறிஞ்சும் சின்னப் பொட்டலங்களைச் சேர்த்து, உறையோடு ஒரு டப்பாவில் போட்டு மூடி வைக்கிறேன். சார்ஜர் அப்பாவின் அறையில், கடலுக்கு எதிர்ப்புறச் சுவரில்.

ரயிலில் படிக்கிற சுகத்தைச் சொல்லி முடியாது. ஜன்னலோரம் உட்கார்ந்தால் முன்பு மொபைலைச் சாய்த்துச் சாய்த்து நிழல் தேடுவேன். இப்போது வெயில் படுகிற பக்கத்து ஜன்னலையே பிடிக்கிறேன். யாரும் கூப்பிடுவதில்லை, எதுவும் சத்தம் போடுவதில்லை. இரண்டு மாதத்தில் ஏழு புத்தகம். போன ஒரு வருஷத்தில் நான் முடித்தது நாலு.

அப்பாவைப் பற்றித்தான் எழுத வந்தேன். முதல் வாரம் தொடவே இல்லை. உடைத்துவிடுவேன் என்று பயம். விரலை அழுத்தி அழுத்தி வைத்தார், அவர் விரல் நுனி கயிறு இழுத்துக் காய்த்துப்போனது, சில நேரம் திரைக்குத் தெரியவில்லை. விரலின் பக்கவாட்டால் தொடச் சொன்னேன், வந்துவிட்டது. எழுத்தை நடுத்தரமாக்கித் தடிமனை முழுக்க ஏற்றினேன். கடலைப் பற்றிய ஒரு கட்டுரைத் தொகுப்பைத் திறந்து கையில் கொடுத்துவிட்டு வேலைக்குப் போனேன். இரவு வந்து பார்த்தால் திண்ணையில் உட்கார்ந்து அதில் எழுதியவரோடு சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார். வாடைக்காற்றில் வலை விடுகிற முறையைத் தப்பாக எழுதியிருக்கிறாராம். அந்த வரியை விரலால் கோடிட்டு வைக்கக் கற்றுக்கொடுத்தேன். இப்போது அவர் கோடிட்ட இடங்கள் நாற்பத்திரண்டு இருக்கின்றன. எல்லாம் ஒரே கோப்பில் சேர்ந்து நிற்கின்றன. அவற்றைக் கணினியில் எடுத்து, ஒவ்வொன்றுக்கும் அவர் சொல்கிற திருத்தத்தைப் பக்கத்தில் தட்டிக்கொண்டிருக்கிறேன்.

திரையின் கீழே ‘இந்த அத்தியாயம் முடிய இத்தனை நிமிடம்’ என்று காட்டுமே, அதுதான் அவருக்கு மிகவும் பிடித்தது. கரை சேர இன்னும் எவ்வளவு நேரம் என்று கணக்குப் போட்டே வாழ்ந்தவர். முதலில் ஒரு அத்தியாயத்துக்கு ஐம்பது நிமிடம் காட்டியது. நேற்று முப்பத்தொன்று. சாப்பிடக் கூப்பிட்டால் “எட்டு நிமிஷம்” என்கிறார், சொன்ன கணக்கில் எழுந்து வருகிறார்.

இதனால் கொஞ்ச நாளாகக் கருவி என் கைக்கு வருவதே இல்லை. ரயிலில் மறுபடி மொபைல்தான். அண்ணே, இன்னொன்று வாங்கப் பணம் சேர்க்கிறேன். அப்பா வீட்டுக்குள்ளேயே படிப்பவர், அவருக்குச் சாதாரண மாடல் போதுமா?

பதில்: பாம்பன் இரவுப்பணி

தங்கச்சி, திண்ணையில் படிப்பவரை வீட்டுக்குள் படிப்பவர் என்று சொல்ல முடியாது. உங்கள் திண்ணைக்கும் கடலுக்கும் நாலு பனைமரம்தான் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். கை பழகியதை அவரிடமிருந்து வாங்காதீர்கள், தடிமன், ஓரம் எல்லாம் அவருக்கென்று அமைத்து வைத்தது. சாதாரண மாடலை நீங்கள் வாங்கிக்கொள்ளுங்கள், 2022-க்குப் பிறகு வந்ததாகப் பாருங்கள். பகலெல்லாம் ராமநாதபுரத்தில் கடைக்குள் இருக்கப் போகிறது, எடையும் குறைவு, 160 கிராமுக்குள். ரயிலில் ஒரு கையில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றே படிக்கலாம். இரண்டையும் ஒரே கணக்கில் சேர்த்துவிட்டால் ஒரு தடவை வாங்கிய புத்தகம் இரண்டிலும் இறங்கும். இரண்டு பேரும் ஒரே புத்தகத்தை ஒரே நேரத்தில் படித்தால் மட்டும், அவர் விட்ட பக்கத்துக்கு உங்களையும் கூட்டிப்போகவா என்று கேட்கும், வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

அப்பாவின் திருத்தங்களைத் தட்டி முடித்ததும் இங்கே போடுங்கள். வாடைக்கு வலை விடுவதைப் பற்றி அவர் என்ன சொல்கிறார் என்று எனக்குத் தெரிய வேண்டும்.